குண்டிக்குள்ள நோவோட ரெண்டு வருஷம் அலைஞ்சு கடைசியா உவர்மலை பிசியோவில முடிஞ்ச கதை (பெரிய ரிவியூ, ஆறுதலா வாசியுங்கோ)

முதலே சொல்லிப்போடுறன், இது சாப்பாட்டுக் கடை ரிவியூ மாதிரி நாலு வரியில முடியாது, ஏனெண்டா அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே எனக்கு ரெண்டு வருஷம் எடுத்தது. திருகோணமலை டவுனில, உவர்மலைப் பக்கம் ஒரு வீட்டு மேல்மாடியில நடக்கிற சின்ன பிசியோதெரபி இடம், ரெண்டு கட்டில், ஒரு திரை, ஒரு மிஸ், அவ்வளவுதான். பேர் போடேல்ல. அந்த மிஸ்தான் போட வேண்டாம் எண்டு கேட்டவா, சனம் கூடினா ஒரு ஆளோட ஒரு மணித்தியாலம் இருக்க ஏலாமப் போயிடுமாம். அந்தப் பக்கம் போய் பிசியோ மிஸ் வீடு எண்டு கேட்டா காட்டுவினம்.

நான் தையல். சாரி பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூடம் தொடங்குற நேரம் எண்டா யூனிபோர்ம். 46 வயசு, அதில 22 வருஷம் மெசினுக்கு முன்னால.

நோ எங்க எண்டா குண்டிக்குள்ள. எழுதவே வெக்கமாத்தான் கிடக்கு, ஆனா பிட்டம் கிட்டம் எண்டு எழுதினா பாடப்புத்தகம் மாதிரி இருக்கு, வேற என்ன சொல்லுறது. இந்த வெக்கம்தான் எனக்கு வினையாப் போனது. நான் ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லேல்ல, "நாரி நோகுது", அதாவது அடிமுதுகு நோகுது எண்டுதான் சொன்னன், அம்மாவுக்கும் அப்பிடி, மனுசனுக்கும் அப்பிடி, கிளினிக்கில பின்னால பத்துப் பேர் துண்டோட நிக்கேக்க டொக்டருக்கும் அப்பிடி. நான் நாரி எண்டு சொன்னா அவையள் நாரியைத்தானே பாப்பினம். எண்ணெய் போட்டது நாரிக்கு, ஸ்கேன் எடுத்தது நாரிக்கு, பெல்ட் கட்டினது நாரிக்கு. நோ இருந்த இடத்தை ரெண்டு வருஷமா ஒருத்தரும் தொட்டுக்கூடப் பாக்கேல்ல.

எப்பிடியான நோ எண்டா, இடப்பக்கம், நடுவில, நல்ல ஆழத்தில, விரலால அமத்தினா எட்டுமோ எட்டாதோ எண்ட மாதிரி ஒரு இடத்தில உளைஞ்சுகொண்டே இருக்கும். மெசினில இருந்து 15, 20 நிமிஷத்தில தொடங்கும், பிறகு பின் தொடையால இறங்கி முழங்கால் வரைக்கும் ஒரு இழுவை, சில நாள் கெண்டைக்கால்ல எறும்பு ஊருற மாதிரி. எழும்பி நடந்தா கொஞ்சம் விட்டுக்குடுக்கும். பத்திரகாளி அம்மன் கோயில்ல சப்பாணி கட்டி இருக்கிறதை எப்பவோ விட்டுட்டன், தூணோட சாஞ்சு நிண்டு கும்பிட்டுட்டு வாறது. கொழும்புக்கு பஸ்ஸில போறதெண்டா இஞ்சயிருந்து 260 கிலோமீற்றர் வரும், நான் கந்தளாய் தாண்டவே சீற்றால எழும்பிடுவன், ஹபரணை வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. ஒருக்கா பக்கத்து சீற் ஐயா ஒராள், "பிள்ளை, டிக்கெட் எடுத்த சீற் சும்மா கிடக்கு, இரன்" எண்டு திருப்பித் திருப்பிச் சொல்லி, கடைசியில தன்ர பையைத் தூக்கி என்ர சீற்றில வைச்சுட்டார். நான் என்னத்தச் சொல்லுறது அந்த மனிசனுக்கு.

அங்க போக முதல் செய்ததுகளைக் கெதியாச் சொல்லுறன், ஆரும் அதே பிழையை விட வேண்டாம். பரியாரியார் ஒராள் எண்ணெய் போட்டு மூண்டு தரம் நாரியை உருவிவிட்டார், அண்டைக்கு இரவு நல்ல நித்திரை, அடுத்த நாள் மெசினில இருந்த உடன பழையபடி. சித்தாலேப, நொச்சி ஒத்தடம், பனடோல், எல்லாம் அரை நாள் கணக்கு. கன்னியாவுக்கும் போனன், வெந்நீர்ல குளிச்சா நரம்பு விடும் எண்டு மாமி சொன்னவா, ஏழு கிணறும் ஏழு சூடு, வாளி வாளியா அள்ளி ஊத்திப்போட்டு வரேக்க பஞ்சு மாதிரித்தான் இருந்தது, ஆனா ஓட்டோவில இருந்து வீடு வந்து இறங்கேக்க திரும்ப உளைவு. பெல்ட் 4,500 ரூவா, வேர்க்குரு வந்தது மட்டும்தான் மிச்சம். நடுவில ஓட்டை இருக்கிற வட்டக் குஷன் ஒண்டு 3,200, அது மூலவியாதிக்காரருக்குச் சரியோ தெரியாது, எனக்கு அதின்ர விளிம்பு சரியா நோகிற இடத்திலேயே போய் அமத்திச்சு. இதுக்கெல்லாம் மேலால, வீடியோ ஒண்டைப் பாத்துட்டு மகன்ர டென்னிஸ் பந்தை வைச்சு அதுக்கு மேல இருந்து உருட்டினன் பாருங்கோ, ரெண்டு நாள் கால் முழுக்க கரண்ட் அடிச்ச மாதிரி. அது ஏனெண்டு கீழ சொல்லுறன்.

பிறகு தனியார்ல எம்ஆர்ஐ. நாரி முள்ளெலும்புகளுக்கு நடுவில இருக்கிற எல் 4 எல் 5 டிஸ்க் பிதுங்கியிருக்கு எண்டு றிப்போட். அதைப் பாத்த ஒருத்தர் (ஆர் எங்க எண்டு போடேல்ல, பிழை என்னிலயும் இருக்கு) பாரம் தூக்காதேங்கோ, படுத்து ரெஸ்ட் எடுங்கோ எண்டார். மூண்டு கிழமை படுத்தன். எழும்பேக்க கால் தசையெல்லாம் சோர்ந்து முதல் இருந்ததை விட மோசம்.

உவர்மலை இடத்தைச் சொன்னது எனக்கு பிளவுஸ் தைக்கக் குடுக்கிற ஒரு டீச்சர்.

முதல் நாள் போனவுடன ஒரு பேப்பர் தருவினம். அதில இருக்கிற கேள்வியளை மிஸ் வாயாலயும் திருப்பிக் கேட்டவா. சலம் போறதில, வயித்தால போறதில கட்டுப்பாடு குறைஞ்சிருக்கா, கவட்டுக்குள்ள, அதாவது சைக்கிள் சீற் படுற இடத்தில விறைப்பு இருக்கா, ரெண்டு காலும் பலமில்லாமப் போகுதா, காய்ச்சல், காரணமில்லாம மெலிவு, இரவில எந்தப் பக்கம் திரும்பினாலும் விடாத வலி, முந்தி புற்றுநோய் வந்ததா, எங்கயும் விழுந்ததா. எனக்குச் சிரிப்பும் வெக்கமும். மிஸ் சிரிக்கேல்ல. முதல் மூண்டில ஒண்டுக்கு ஓம் எண்டாலும் தான் கட்டிலில ஏத்த மாட்டாவாம், அண்டைக்கே ஆஸ்பத்திரி, விடியட்டும் எண்டு கூடப் பாக்கக்கூடாதாம், ஏனெண்டா முள்ளந்தண்டின்ர அடியில இருக்கிற நரம்புக் கட்டு நெரிபட்டா அப்பிடித்தான் வருமாம், பிந்தினா திரும்பி வராதாம்.

பிறகு, "எங்க நோ?" எண்டா. "நாரி மிஸ்" எண்டன், வழமை போல. "ஒரு விரலால காட்டுங்கோ அக்கா" எண்டா. காட்டினன். மிஸ் என்ர விரலைப் பாத்துட்டு, "வாய் நாரி எண்டுது, விரல் வேற இடத்திலயெல்லோ நிக்குது" எண்டா. அந்த இடத்தில நான் அழுதிட்டன், ஏனெண்டு இண்டைக்கும் விளங்கேல்ல.

விரல் எங்க நிக்குது எண்டதே பாதி விஷயமாம். நாரிக்குக் கீழ ரெண்டு பக்கமும் குழி விழுந்த இடத்தில இருக்கிற எலும்பைக் காட்டினா இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் பொருந்துற மூட்டைச் சந்தேகப்படுவினம். தொடை வெளிப்பக்கத்துல புடைச்சிருக்கிற எலும்பைக் காட்டினா அதில வந்து பிடிக்கிற தசைநாண். கையை இடுப்பில வைச்சு முன்பக்கம் கவட்டடியைக் காட்டினா தொடைப்பந்து மூட்டு. கதிரையில முட்டுற எலும்பைக் காட்டினா பின்தொடைத் தசைநாண், அல்லது அந்த எலும்புக்கு மேல இருக்கிற நீர்ப்பை, இங்கிலீசில அதுக்கு நெசவாளர் குண்டி எண்டு பழைய பேரே இருக்காம், இருந்து இருந்து வேலை செய்யுற ஆக்களுக்கு வாறதால (தையல்காரியையும் சேர்த்திருக்கலாம்). நான் காட்டினது இது ஒண்டும் இல்லை, நடுக் குழி. ஆனா விரலை மட்டும் நம்பவும் கூடாதாம், நாரியில கிளம்புற நோவும் குண்டியில வந்து நிக்கும் எண்டா, அதாலதான் அதுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் என்னைப் புரட்டி எடுத்தது.

பொம்பிளையளுக்காக இதைச் சொல்லுறன், திரை இருக்கு, பெட்ஷீற் போடுவினம், தொட முதல் எங்க தொடப்போறன் எண்டு சொல்லிக் கேட்டுத்தான் தொடுவா, மகளைப் பக்கத்தில வைச்சிருக்கலாம். இது எனக்குப் பெரிய விஷயம்.

முதல் நாரி. குனிய வைச்சா, நிமிர வைச்சா, இருமச் சொன்னா. மல்லாக்கப் படுக்க வைச்சுக் காலை நேர தூக்கினா, டிஸ்க் நரம்பை நெரிச்சா இதில கால் முழுக்கப் பாயுமாம், எனக்கு பின்தொடை இழுத்ததே ஒழிய அந்தப் பாய்ச்சல் இல்லை. பெருவிரலைத் தள்ளச் சொல்லிப் பலம் பாத்தா, முழங்காலைத் தட்டிப் பாத்தா, பஞ்சால தடவி உணர்ச்சி பாத்தா. சரி, நாரி தப்பிச்சுது. பிறகு இடுப்பெலும்பும் முள்ளந்தண்டும் பொருந்துற அந்த மூட்டை ஐஞ்சு விதமா அமத்திப் பாத்தா, அதில குறைஞ்சது மூண்டிலயாவது நோகவேணுமாம் அதைக் குற்றம் சொல்ல, எனக்கு ஒண்டுதான் நொந்தது. தொடைப்பந்தை உள்ளுக்குச் சுழட்டினா, நல்லாச் சுழண்டது. ஒத்தைக் கால்ல 30 செக்கன் நிக்க வைச்சா, வெளிப்பக்கம் நோகுதா எண்டு பாக்க, இல்லை. நீட்டி நீட்டி அடி வைச்சு நடக்கச் சொன்னா, தொடையெலும்புக்கும் கதிரையில முட்டுற எலும்புக்கும் நடுவில நெரிபடுற ஆக்களுக்கு அந்த நடையில நோகுமாம், அதுவும் இல்லை.

பிறகு கட்டில் விளிம்பில இருத்தி, முழங்காலை நீட்டி, அதை உடம்புக்குக் குறுக்கால உள்ளுக்குத் தள்ளிக்கொண்டு மற்றக் கையின்ர விரலை அந்த நடுக் குழியில வைச்சா. ஐயோ அம்மா. அதே நோ. ரெண்டு வருஷமா நான் தேடின அதே நோ, அதே இடம், அதே பின்தொடை இழுவை. பிறகு சரிஞ்சு படுக்க வைச்சு குதிக்காலைக் கட்டிலில ஊண்டி முழங்காலை மேல தூக்கச் சொல்லி தான் எதிர்க்கத் தள்ளினா, அதிலயும் அதே. மற்றப் பக்கம் அதே மாதிரிச் செய்ய ஒண்டும் இல்லை. மிஸ் கொப்பியில எழுதினா, நான் கேட்டன் டிஸ்க் இல்லையா எண்டு, ஸ்கேனில போட்டிருக்கே எண்டு. அதுக்கு அவா சொன்னது, அக்கா உங்கட தலையில நரை இருக்கு, அதால தலையிடி வருது எண்டு சொல்லுவீங்களா எண்டு.

மகள் அதை நெற்றில தேடினவள். 2015ல அமெரிக்க நரம்புக் கதிரியக்கச் சஞ்சிகை ஒண்டில வந்திருக்கு, 33 ஆய்வைச் சேர்த்து, வலியே இல்லாத 3,110 பேரின்ர ஸ்கேனைப் பாத்திருக்கினம். 20 வயசுக்காரரில 30 வீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கல், 40 வயசில 50 வீதம், 80 வயசில 84 வீதம். எந்த நோவும் இல்லாத ஆக்கள்! அப்ப என்ர வயசில ரெண்டு பேரை ஸ்கேனில போட்டா ஒருத்தருக்கு இருக்கத்தான் போகுது. ஸ்கேன் கூடாது எண்டு நான் சொல்லேல்ல, மிஸ்ஸும் அதை ரெண்டு தரம் தூக்கிப் பாத்தவா, கையால பாத்ததோட பொருந்துதா எண்டு பாக்கத்தான். பொருந்தேல்ல.

என்ன வருத்தம் எண்டா, குண்டிக்குள்ள ஆழத்தில காலுக்குப் போற பெரிய நரம்பு நெரிபடுறது. முந்தி எல்லாத்தையும் பிரிபோமிஸ் எண்டு ஒரு தசையின்ர தலையில கட்டினவையாம், 1947ல ரொபின்சன் எண்ட டொக்டர் வைச்ச பேர். அந்தத் தசை நாரியடி முக்கோண எலும்பின்ர முன்பக்கத்தால கிளம்பி தொடையெலும்பின்ர மேல் முனையில பிடிக்குது, நரம்பு பெரும்பாலான ஆக்களுக்கு அதுக்குக் கீழால வரும், கொஞ்சப் பேருக்குத் தசையைப் பிளந்துகொண்டே வருமாம். இப்ப அந்தத் தசை மட்டுமில்லை, கீழ இருக்கிற மற்றத் தசையள், நார்ப் பட்டையள் எண்டு எதிலயும் சிக்கலாம் எண்டபடியா டீப் குளூட்டியல் சிண்ட்ரோம் எண்டு பொதுவாச் சொல்லுகினம். இதுதான் எண்டு நூறு வீதம் அடிச்சுச் சொல்லுற ஒரு ரெஸ்ட் கிடையாதாம், மற்றதுகளை ஒண்டொண்டா வெட்டித்தான் வர வேணும். அதை மறைக்காமச் சொன்னதுக்கே நான் ஒரு நட்சத்திரம் குடுப்பன்.

ரெண்டாம் நாளைக்கு வரேக்க நான் தைக்கிறதை வீடியோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னவா. மகள் போனில எடுத்தவள், பின்பக்கத்தால, எனக்குத் தெரியாம. பாத்தா, பெடல் வலக் கால்ல, அதுவும் நல்லா வலப்பக்கம் தள்ளிக் கிடக்கு, அதை எட்ட நான் முழு உடம்பையும் இடக் குண்டியில போட்டு, சரிஞ்சு, ஸ்டூல் விளிம்பில இருக்கிறன். 22 வருஷம் அப்பிடி. மிஸ் வீடியோவை நிப்பாட்டி விரலால என்ர இடுப்புக்குக் குறுக்கால ஒரு கோடு காட்டினா, கோடு சரிஞ்சு கிடந்தது. ஒரு துணியில அப்பிடிச் சரிஞ்சிருந்தா நான் அண்டைக்கே பிரிச்சுத் தைச்சிருப்பன்.

வைத்தியம் எண்டு பெரிசா மெசின் ஒண்டும் இல்லை, அதை எதிர்பாத்துப் போற ஆக்களுக்கு ஏமாற்றமா இருக்கும். பெடலை நடுவுக்குக் கொண்டுவந்தன். ஸ்டூலைக் கழிச்சு, முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் பதிஞ்சு நிக்கிற உயரத்துக்குக் கதிரை. கடையில மூண்டு அங்குல றபர் ஸ்பொஞ்ச் வாங்கி, இடப்பக்கம் நோகிற இடம் வாற அளவுக்குச் சோக்குக் கட்டியால வட்டம் கீறி, துணிக் கத்தரிக்கோலால வெட்டி எடுத்தன் (கத்தரிக்கோல் மொட்டையாப் போச்சு, நீங்கள் பழைய கத்தி பாவியுங்கோ), பின்பக்கம் திறந்தபடி, குதிரை லாடம் மாதிரி. 650 ரூவா. அந்த 3,200 ரூவாக் குஷனை விட இது ஆயிரம் மடங்கு மேல். 20 நிமிஷத்துக்கு ஒருக்கா போனில அலாரம், எழும்பி துணி வெட்டுறதோ அயன் பண்ணுறதோ, நிண்டு செய்யுற வேலை எதாவது.

அப்பியாசம் நாலே நாலு. அதில ஒண்டைத்தான் விவரமாச் சொல்லப்போறன், ஏனெண்டா நான் அதைத்தான் முதல்ல நம்பேல்ல. நரம்பை வழுக்க விடுறது. கதிரையில இருந்து முழங்காலை நீட்டேக்க தலையை நிமிர்த்துறது, மடக்கேக்க தலையைக் குனியுறது, ஆறுதலா, பத்துத் தரம், நோ வாற எல்லைக்கு முதலே திரும்பிடுறது. இதென்ன விளையாட்டு எண்டு கேட்டன். மிஸ் பிளாஸ்ரிக் இடுப்பெலும்பு ஒண்டில மஞ்சள் நாடாவைக் கோத்துக் காட்டினா. அந்த இடத்தில எனக்கே விளங்கிட்டுது, பாவாடைப் பட்டிக்குள்ள இலாஸ்ரிக் போடேக்க எங்கயும் ஒரு தையல்ல கொழுவினா ஆரும் இழுப்பினமா, இழுத்தா அறும், அங்கயும் இஞ்சயும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தித்தான் விடுவிக்கிறது. பந்தை வைச்சு நான் செய்தது, கொழுவின இடத்திலேயே சுத்தியலால அடிச்ச மாதிரி. நெரிபட்டுக் கோவத்தில இருக்கிற நரம்பை இன்னும் நெரிச்சா அது கரண்ட் அடிக்காம என்ன செய்யும்.

மற்ற மூண்டும் பலத்துக்கு. மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குறது, சரிஞ்சு படுத்து முழங்காலைத் திறக்கிறது, பிறகு பிறகு படியில ஏறி இறங்குறது. அதோட நடை. நான் பின்னேரத்தில கோட்டைப் பக்கம் நடப்பன், மான் நிக்கிற இடம், முதல் கிழமை பத்து நிமிஷம், பிறகு கூட்டினது. கடற்கரை மணலில இப்ப நடக்க வேண்டாம், கால் புதையேக்க இடுப்பு ஆடும் எண்டா.

உடன சுகம் வரேல்ல. இதை நல்லா வாசியுங்கோ. மூண்டாம் கிழமை முடியேக்க ஒரு மாற்றமும் இல்லை, நான் கோவத்தில ஒரு கிழமை போகாம விட்டுட்டன், காசும் போகுது எண்டு மனுசன் வேற. மிஸ் போன் எடுத்து, "இருந்து எத்தினை நிமிஷத்தில தொடங்குது எண்டு எழுதினீங்களா" எண்டு கேட்டவா. எழுதித்தான் வைச்சிருந்தன், பில் கொப்பியின்ர பின்பக்கத்தில. பாத்தா 15 நிமிஷம் 25 ஆகியிருக்கு. எனக்கே தெரியேல்ல. ஐஞ்சாம் கிழமை 35. பிறகு தீபாவளி ஓடர் வந்து, அலாரத்தை நிப்பாட்டிப்போட்டு ரெண்டு நாள் விடாமத் தைச்சு, திரும்ப 10க்கு இறங்கி, பேச்சு வாங்கி, ரெண்டு கிழமையில மேல வந்தது. 12 கிழமை செய்தும் விடாட்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவன், அங்க ஸ்கேனில பாத்துப் பாத்து அந்த இடத்துக்கு ஊசி போடுற வழி இருக்கு எண்டவா, எனக்கு அது தேவைப்படேல்ல. இப்ப 50 நிமிஷம் வரைக்கும் இருக்கலாம். முழுசாப் போகேல்ல. மழைக்காலத்து விடியக்காத்தால ஒரு சின்ன உளைவு இருக்கும், கால் இழுவை இல்லை.

என்னைப் பாத்துட்டு மச்சாள் சாம்பல்தீவில இருந்து வந்தவா, எனக்கும் அதுதான், அந்த அப்பியாசத்தையே காட்டு எண்டு. நல்ல காலம் காட்டேல்ல. அவாவுக்கு நோ தொடை வெளிப்பக்க எலும்பில, அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க ஏலாது. மிஸ் அவாவை ஒத்தைக் கால்ல நிக்க வைக்க பத்துச் செக்கனில கத்தினா. அது தசைநாண், 40 தாண்டின பொம்பிளையளுக்குத்தான் கூடுதலா வாறது. அவா வீட்டில காலுக்கு மேல கால் போட்டு இழுத்து இழுத்து ஸ்ட்ரெச் பண்ணினது நேர் எதிராம், இழுக்க இழுக்க அந்த நாண் எலும்பில அமருமாம். அவாவுக்குச் சொன்னது, கால் மேல கால் போடாதேங்கோ, ஒரு பக்கம் இடுப்பை ஒடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, படுக்கேக்க முழங்கால் நடுவில தலகாணி, அதோட பலப்படுத்துற அப்பியாசம். இதுக்கு ஊசியா அப்பியாசமா எண்டு ஒஸ்ரேலியாவில 204 பேரை வைச்சுப் பாத்து 2018ல போட்டிருக்கினம். எட்டாம் கிழமையில நல்லாச் சுகம் எண்டு சொன்னவை, அப்பியாசமும் விளக்கமும் குடுத்த ஆக்களில 77 வீதம், ஸ்டீரோயிட் ஊசி போட்டதில 58, சும்மா பொறுத்துப் பாத்ததில 29. மச்சாள் ஊசிதான் வேணும் எண்டு நிண்டவா, இதைக் கேட்டுட்டுத் தலகாணி வாங்கப் போயிட்டா.

பக்கத்து வீட்டு அண்ணை கடல் தொழில், படகில ஏறேக்க காலைத் தூக்க ஏலாது, கால் நகம் வெட்டவும் ஏலாது, அவரும் குண்டி நோ எண்டுதான் வந்தவர். தொடைப்பந்தை உள்ளுக்குச் சுழட்டிப் பாத்தா சுழலவே இல்லை, நோ கவட்டடியில. மிஸ் அவரிட்ட ஒரு சதம் வாங்கேல்ல, எக்ஸ்றே எடுத்துக்கொண்டு எலும்பு கிளினிக்குக்குப் போங்கோ எண்டு கடிதம் குடுத்து அனுப்பிட்டா. எடுத்துப் பாக்க மூட்டுத் தேஞ்சு போயிருந்தது. அவர் இப்ப பெரியாஸ்பத்திரி கிளினிக்கில.

சரி, குறையளையும் சொல்லத்தான் வேணும். இடுப்பு நோக்காரருக்கு வைத்தியம் செய்யுற இடம் மேல்மாடியில, அதுவும் ஏத்தத்துக்கு மேல, 14 படி, நான் எண்ணினன், கைபிடி ஒரு பக்கம்தான், அதுவும் ஆடுது. ஓட்டோக்காரர் சில பேர் மேல வர மாட்டன் எண்டு அடியில இறக்கிப்போட்டுப் போவினம். போன் எடுக்கிறது லேசில இல்லை, ஆளோட இருக்கேக்க எடுக்க மாட்டா, அது நல்லதுதான், ஆனா திருப்பி எடுக்கவும் மறந்திடுவா. காத்திருக்கிற இடத்தில போட்டிருக்கிறது பிளாஸ்ரிக் கதிரை, நடுவில பள்ளம் விழுந்தது, அதில அரை மணித்தியாலம் இருந்தா போன நோ திரும்ப வரும், நான் சொல்லியும் மாத்தேல்ல, நிண்டுகொண்டே இருங்கோ. காசு முதல் நாள் 2,500, பிறகு தரத்துக்கு 1,500. எனக்கு மொத்தம் ஒம்பது தரம், அதாவது 14,500. பெரியாஸ்பத்திரியில பிசியோ இலவசம், வசதி குறைஞ்ச ஆக்கள் கிளினிக்கால துண்டு எடுத்து அங்க போகலாம், மிஸ்ஸே அதைச் சொல்லுறவா. நான் வெளியால போனது நேரத்துக்காக.

அஞ்சுக்கு நாலு. படியைத் திருத்தினா நாலரை.

போற ஆக்கள் வேலை நாளில காலமை 9 மணிக்கு முதல் போங்கோ, சனிக்கிழமை எண்டா சந்தை மாதிரி, போயாவுக்கு (பௌர்ணமி லீவுக்கு) பூட்டு. ஸ்கேன் இருந்தா படத்தையும் கொண்டு போங்கோ, றிப்போட் துண்டு மட்டும் காணாது. சாரியோட போகாதேங்கோ, நான் முதல் நாள் சாரியோட போய் மிஸ்ஸின்ர ட்ரக் பொட்டத்தை இரவல் வாங்கிப் போட்டு, அது இடுப்பில லூசாக்கிடந்து, பிறகு வீட்ட கொண்டுவந்து தோய்ச்சு, இலாஸ்ரிக் மாத்திக் குடுத்தனான்.